ஏட்டில் ஏறாதவை

சிரம்பானிலிருந்து கோலப்பிலா வழியாகப் பகாவ் செல்லும் சாலையின் இருமருங்கிலும் முன்னே பால்மரமும் பின்னே செம்பனையும் வரிசை பிசகாமல் நின்றதைப் பார்த்தே வளர்ந்த எங்களைப் போன்ற தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு என்பது பள்ளிக்கூடத்தில் தொடங்கிய வித்தையன்று. விடியுமுன் பிரட்டுக் களத்தில் கிராணியார் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறி போடும்போதே அது தொடங்கிவிடும். பாலை நிறுத்து எழுதுவதும் குலையை எண்ணி எழுதுவதுமாக அந்தி வரையில் தொடரும். ஆகையால், பல்கலைக்கழகத்தில் சூழலியல் படிக்கும் என் தமக்கையின் பேத்தி, ‘ஆர்’ என்னும் கணிமொழியைக் கற்க உத்தேசித்து, “எங்கே இருந்து தொடங்குறது, தாத்தா?” என்று மடிக்கணினியும் கையுமாக வந்து உட்கார்ந்தபோது, கணினியில் அதிகப் பரிச்சயமில்லாத இந்தப் பழைய கணக்கு வாத்தியாருக்கும் அதில் பேச இடமிருக்கும் என்று தோன்றிற்று.

1990களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் உருவாக்கிய இம்மொழி இன்று உலகெங்கும் சூழலியலாளரின் பிரதான உபகரணமாயிருக்கிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது மாணவருக்கு இன்னும் விசேஷம். அதில் நான் முதலில் கண்டு வியந்தது ஓர் அற்ப விஷயந்தான். பத்து எண்களைக் கொடுத்துச் சராசரி கேட்கிறோம். அவற்றுள் ஒன்று பதிவாகாமல் விடுபட்டிருந்தால், விடுபட்டதை ஒதுக்கிவிடு என்று நாம் வெளிப்படையாகச் சொன்னாலன்றி, சராசரியும் தெரியாது என்றே அது விடை தருகிறது. அன்றைக்கு ஆள் வேலைக்கு வரவில்லை என்பது வேறு, வந்தானா இல்லையா என்று கிராணியார் எழுதவேயில்லை என்பது வேறு. முன்னதற்குப் பூஜ்யம், பின்னதற்கு வெற்றிடம். இரண்டையும் ஒன்றாக்கிச் சம்பளம் போட்டால் பிரட்டுக் களத்தில் சண்டை வரும். காட்டில் வைத்த கேமராவில் மிருகம் விழாத இரவையும், மின்கலம் தீர்ந்து கேமராவே ஓய்ந்துபோன இரவையும் ஒரே பூஜ்யமாக எழுதிவிடும் மாணவனுக்கோ சண்டை போட எவரும் வருவதில்லை. ஏட்டில் ஏறாதது எது, ஏன் ஏறவில்லை என்ற விசாரத்தைப் பழக்கிவிடுவதே இம்மொழியின் தலையாய உபகாரம் என்பது என் அபிப்பிராயம்.

பாடநூல்களோ பெரும்பாலும் ஐரிஸ் என்ற பூவின் அளவுகளைக் கொண்டு தொடங்குகின்றன. எட்கர் ஆண்டர்சன் அளந்து, ரொனால்ட் ஃபிஷர் 1936இல் தம் கட்டுரையில் எடுத்தாண்ட 150 பூக்கள் அவை. பெரும்பகுதி கனடாவில் பறித்தவை. அவற்றின்மேல் எனக்கு விரோதமில்லை. ஆனால் அதே ஃபிஷர் 1943இல் எழுதிய மற்றொரு கட்டுரையின் விதை நம் மலாயா மண்ணில் விழுந்தது என்பதை அறிந்தவன், நம் பிள்ளைக்குக் கனடாப் பூவை முதலில் கொடுப்பானேன்?

ஸ்டீவன் கார்பெட் என்ற ஆங்கிலேயர் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தில் இரசாயனியாக உத்தியோகம் பார்த்தவர். ஓய்ந்த நேரமெல்லாம் வண்ணத்துப்பூச்சி பிடித்தவர். பெண்டில்பரி என்பவருடன் சேர்ந்து 1934இல் மலாய்த் தீபகற்பத்து வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றும் வெளியிட்டார். அவர் சேகரத்திலிருந்த 620 இனங்களில் 118 இனங்கள் ஒரே ஒரு பூச்சியாகவே வலையில் விழுந்தவை, இரண்டிரண்டாக அகப்பட்டவை 74, மும்மூன்றாக 44, நான்கு நான்காக 24, ஐந்தைந்தாக 29. இப்படியே 24 வரையில் பட்டியல் போகிறது. ஒரு முறைகூட வலையில் விழாமல் காட்டிலேயே பறந்துகொண்டிருக்கும் இனங்கள் எத்தனை என்பதே இப்பட்டியலைப் பார்த்த எவர்க்கும் எழக்கூடிய கேள்வி. காணாததை எண்ணுவதாவது என்று சிரிக்கத் தோன்றும், ஃபிஷர் சிரிக்கவில்லை. கார்பெட்டும் வில்லியம்ஸ் என்பவரும் உடன் சேர, மூவர் பெயரிலும் வெளிவந்த அந்தக் கட்டுரை சூழலியற் புள்ளியியலுக்கே ஒரு மூலக்கல்லாயிற்று. பின்னர் 1956இல் குட், டூல்மின் என்ற இருவர் இன்னும் எளிய வழியொன்று காட்டினர்: அதே அளவு முயற்சியை மறுபடியும் செலவிட்டால் புதிதாக எத்தனை இனம் கிடைக்கும் என்று அறிய, பட்டியலின் முதல் எண்ணைக் கூட்டி, இரண்டாவதைக் கழித்து, மூன்றாவதைக் கூட்டி, நான்காவதைக் கழித்து, இப்படியே போ என்பதுதான் அது.

பேத்தி 24 எண்களையும் ‘ஆர்’ மொழியில் ஒரே வரியில் தட்டினாள். கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வரும்படி அடுத்த வரியை அமைத்தாள். 75 என்று விடை வந்தது. நான் தாளில் போட்டதும் அதுவே. ஒரே முறை அகப்பட்டவை 118 என்றிருக்க, விடை ஏன் அதைவிடக் குறைகிறது என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வி அவள் வாயில் வந்த கணமே பாடம் தொடங்கிவிட்டது என்று கொண்டேன். நிரல் எழுதுவதன் இலக்கண நுணுக்கங்களெல்லாம் அதற்குப் பிறகு தாமே வந்து சேரும்.

எங்கள் மாநிலத்துக்கே உரிய கணக்கும் ஒன்றுண்டு. ஜெலுபு வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்கள் முப்புறமும் நெருங்கி நிற்கும் பாசோ வனத்தில், 1,000 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் கொண்ட 50 ஹெக்டேர் நிலத்தை 1980களில் மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தார் அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள கன்று முதல் ஆகாயத்தை முட்டும் விருட்சம் வரை ஒவ்வொன்றுக்கும் எண்தகடு கட்டி, இனம் கண்டு, தண்டை அளந்து பதிந்தனர். ஏறத்தாழ 3,35,000 மரங்கள், 814 இனங்கள். இதற்கு முன்னோடியான பனாமாவின் பாரோ கொலராடோ தீவுக் கணக்கு ‘வீகன்’ என்னும் ‘ஆர்’ தொகுப்புடனேயே மாதிரியாக வருகிறது. அதில் 225 இனங்கள். பாசோ மூன்றரை மடங்கு வளமானது என்று உடனே மார்தட்டலாகாது. ஏனெனில் அந்த மாதிரியில் பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மரங்கள் சேர்க்கப்படவில்லை.

பாசோவில் ஐந்தாண்டுக்கொருமுறை என்ற கணக்கில் மறுபடியும் மறுபடியும் எண்ணினார்கள். முன்னே தகடு பெற்ற கன்றைப் பின்னே தேடினால் காணவில்லை. கேலன் இக்கிஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1996இல் அக்காட்டில் சதுர கிலோமீட்டருக்கு 47 காட்டுப்பன்றிகள் இருப்பதாக மதிப்பிட்டார். புலி அருகிப்போனதும், அண்டைத் தோட்டங்களில் செம்பனைப் பழம் ஓயாமல் கிடைப்பதுமே பெருக்கத்துக்குக் காரணமாகலாம் என்றார். பழத்தைத் தோட்டத்தில் தின்ற பெண்பன்றி, குட்டி போடக் காட்டின் உட்பகுதிக்குப் போய், நூற்றுக்கணக்கில் கன்றுகளை ஒடித்தும் பிடுங்கியும் குவித்துக் கூடு கட்டுகிறது. மத்தேயு லஸ்கினும் கூட்டாளிகளும் 2017இல் வெளியிட்ட ஆய்வு, 24 ஆண்டுக் காலத்தில் காட்டின் இளங்கன்றுகள் 62 சதவீதம் குறைந்தன என்று காட்டிற்று. தோட்ட எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளியிருந்தும் இந்தக் கதி. ஆலைக்குப் போன குலையின் எடை தோட்டத்து ஏட்டில் ஏறியிருக்கும். பன்றி தின்ற உதிரிப் பழம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பாசோவைச் சுற்றிய தோட்டங்களில் எந்தப் பகுதி எந்த ஆண்டில் மறுநடவாயிற்று, பழம் எப்போது நின்று எப்போது மீண்டது என்ற கணக்கைக் கன்றுக் கணக்கோடு பொருத்திப் பார்க்க வேண்டும் என்கிறாள் பேத்தி. பொருத்துவதற்கான நிரலை அவள் எழுதிக்கொள்வாள். கரையான் தின்றது போக மிச்சமுள்ள பழைய பேரேடுகள் எந்த அலுவலக அலமாரியில் கிடக்கின்றன என்று என் வயதொத்த கிராணிமாரை விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.