குதிரைக்குக் கொள்ளு எவ்வளவு?

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பாட்டிமார் சொல்வது வழக்கம். அப்படியானால் நாள் முழுதும் ஓடி இளைக்கிற குதிரைக்கு ஏன் கொள்ளு வைத்தார்கள்? இந்தச் சந்தேகம் எனக்கு வெகு நாட்களாக உண்டு. விசாரித்துப் பார்த்ததில், விஷயம் குதிரையின் வயிற்றுக்குள் இருக்கிறது என்று தெரிந்தது.

பசுவுக்கு அடுப்பங்கரை வாசலிலேயே இருக்கிறது, குதிரைக்கோ கொல்லைப்புறத்தில்! பசு தின்ற புல், முதல் வயிற்றிலேயே நுண்ணுயிர்களால் புளிக்கிறது. பிறகு அந்த நுண்ணுயிர்களையே ஜீரணித்து, பசு புரதம் சம்பாதித்துக் கொள்கிறது. குதிரைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதன் இரைப்பை சிறியது. சுமார் 15 லிட்டருக்கு மேல் கொள்ளாது. புரதம் சிறுகுடலிலேயே ஜீரணமாகி விட வேண்டும். அதற்கும் பின்னால்தான் ஒரு மீட்டர் நீளமுள்ள குருட்டுக்குடலும், பெரிய பெருங்குடலும் இருக்கின்றன. அங்கேதான் புல்லும் வைக்கோலும், நம் வீட்டு இட்லி மாவைப் போல, புளிக்கின்றன. அதில் உண்டாகும் அமிலங்களே குதிரைக்குப் பலம். ஆனால் அங்கே பெருகும் நுண்ணுயிர்களின் புரதமோ பெரும்பாலும் சாணத்தோடு போய்விடுகிறது.

அந்த நுண்ணுயிர்களுக்கும் புரதத்தில் உள்ள நைட்ரஜன் கொஞ்சம் வேண்டும். வெறும் வைக்கோலையே போட்டால் அவை சோர்ந்து விடும். வைக்கோலும் சரிவர ஜீரணமாகாது. வயிறு தொங்கும், விலா எலும்பு தெரியும். நூற்றுக்கு 22 பங்கு புரதமுள்ள கொள்ளு அங்கேதான் உதவிக்கு வருகிறது. வேக வைத்தால், புரதம் ஜீரணமாவதைத் தடுக்கும் பொருள்களும் அடங்கி விடுகின்றன.

அதற்காக வாரிக் கொட்டலாமா? கூடாது. 500 கிலோ எடையுள்ள, வேலை செய்யாத குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 630 கிராம் புரதம் போதும். நல்ல புல்லே அதில் பெரும்பகுதியைக் கொடுத்து விடும். மிஞ்சியது கல்லீரலில் யூரியாவாகி மூத்திரத்தில் போகிறது. லாயத்தில் மூக்கைத் துளைக்கிற நெடி அதனால் வருவதுதான். சிறுகுடலுக்குத் தப்பிய புரதம் பின்குடலில் அம்மோனியா ஆகிறது. அதைவிட ஆபத்து, கொள்ளில் இருக்கிற மாவுச்சத்து. அது ஜீரணமாகாமல் பின்குடலுக்குப் போனால் லாக்டிக் அமிலம் பெருகி, நல்ல நுண்ணுயிர்கள் மாள்கின்றன. வயிற்று வலி வரும். குளம்புக்குள் அழற்சி கண்டு குதிரை நொண்டும். வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் குதிரையால் முடியாது.

மெரீனாவில் ஒரு குழந்தை, குதிரைக்குச் சுண்டல் நீட்டியது. "வேணாம்மா" என்று தாயிடம் கெஞ்சினார் குதிரைக்காரர். "ஒரு நாள் ஜாஸ்தியாத் தின்னுட்டா, ராவெல்லாம் புரளும். இது படுத்துட்டா எங்க வீட்ல அடுப்பு எரியாது." விஞ்ஞானம் படித்தவர் இல்லை, ஆனால் அத்தனையும் தெரிந்து வைத்திருந்தார்.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே கடல் கடந்து வாங்கிய குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போடுவதையும், அவற்றில் பெரும்பாலானவை வருஷம் முடிவதற்குள் மடிவதையும் எழுதி வைத்திருக்கிறார். ராஜாக்கள் பணத்தைக் கொட்டித்தான் வாங்கினார்கள். பிரியத்தோடு எதையும் ஊட்டிவிடலாம் என்று நினைக்கிற நமக்கு, அந்தக் குதிரைகள் சொல்லும் புத்தி இதுதான்: புல் முதலில், கொள்ளு அளவாக, தீனியை மாற்றுவதானால் பத்து நாளாவது பொறுத்து மெல்ல மெல்ல!