பாதி வழியில் பாதை மாறலாமா?



நம்முடைய சபைகளில் பிழைப்புக்காக ஊர் மாறி வந்தவர்களே அதிகம். ஊரில் ஏர் பிடித்தவர் நகரத்தில் காவலாளியாகிறார். தறி நெய்தவர் ஆட்டோ ஓட்டுகிறார். பெரியவர்கள் இப்படித் தொழில் மாறும்போது அதைப் பிழைப்பு என்கிறோம். ஆனால் நம் பிள்ளை படிப்பின் நடுவில், "எனக்கு இது வேண்டாம், வேறொன்றுக்குப் போகிறேன்" என்றால், உடனே நிலையற்ற மனம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு எல்லா வேளையிலும் சரிதானா என்பதை இந்த மாதம் உங்களோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறேன்.

சித்தூரில் இருக்கும் என் தங்கையின் மகன் திருப்பதியில் என் வீட்டில் தங்கிப் பொறியியல் படிக்கிறான். அவன் தகப்பனார் மாங்கூழ் தொழிற்சாலையில் கூலிவேலை செய்கிறவர். கடன் வாங்கித்தான் அவனைச் சேர்த்தார். இரண்டு ஆண்டுகள் முடிந்த நிலையில் ஒருநாள் இரவு ஜெபத்துக்குப் பின் அவன் என்னிடம் வந்து, "மாமா, நான் கணக்கு வாத்தியார் ஆக வேண்டும் என்று மனது சொல்லுகிறது. இதை விட்டுவிட்டு பி.எஸ்சி. கணிதத்தில் முதலாம் ஆண்டு சேரலாமா? அப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும்" என்றான்.

நான் பதில் சொல்லத் தயங்கியபோது, அவன் தன் கைப்பேசியில் விளையாடும் ஒரு விளையாட்டைச் சொல்லித் தன் எண்ணத்தை விளக்க ஆரம்பித்தான். மந்திரவாதிகளும் பூதங்களும் நிறைந்த இப்படிப்பட்ட விளையாட்டுகளைக் குறித்து விசுவாசிகளான நமக்கு எச்சரிக்கை இருப்பது நியாயமே. எனக்கும் அது உண்டு. ஆனாலும் பிள்ளை எதைக் கொண்டு சிந்திக்கிறான் என்று தெரியாமல் அவனுக்கு எப்படி ஆலோசனை சொல்லுவது? ஆகையால் பொறுமையாய்க் கேட்டேன்.

அது 1988 பிப்ரவரியில் ஜப்பானில் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டின் மூன்றாம் பாகம். யூஜி ஹோரி என்பவர் வடிவமைத்தது. 2024-ல் புதிய வடிவிலும் வந்திருக்கிறது. அதில் ஒரு வீரனும் அவனோடு செல்லும் தோழர்களும் உண்டு. போர்வீரன், வணிகன், குணமாக்குகிறவன் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு தொழில். பயணத்தின் நடுவில் ஒரு மடம் வரும். அங்கே தோழர்கள் தங்கள் தொழிலை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்குச் சில விதிகள் உண்டு.

முதலாவது, இருபதாம் நிலையை எட்டாதவனுக்கு அந்த மடம் மாற்றம் அளிக்காது. இரண்டாவது, மாறினவன் மறுபடியும் முதலாம் நிலையிலிருந்தே தொடங்க வேண்டும். அவனுடைய பலமும் வேகமும் பாதியாய்க் குறைந்துபோகும். மூன்றாவது, முன்பு கற்றுக்கொண்ட வித்தைகள் அவனை விட்டுப் போகாது. நான்காவது, புதிய தொழிலுக்குப் பொருந்தாத பழைய ஆயுதங்களை அவன் இனி ஏந்த முடியாது. இவை எல்லாவற்றிலும் என் மனதைத் தொட்டது வேறொன்று. ஞானி என்னும் உயர்ந்த நிலைக்கு மாற மற்றவர்களுக்கு ஓர் அபூர்வப் புத்தகம் தேவை. ஆனால் ஒன்றுக்கும் உதவாதவனாய் விளையாடித் திரிந்தவன் இருபதாம் நிலை வரை வந்துவிட்டால், புத்தகம் இல்லாமலே ஞானியாகலாம்!

இதைக் கேட்டபோது, பைத்தியமானவைகளைத் தேவன் தெரிந்துகொள்வதைப் பற்றிப் பவுல் கொரிந்து சபைக்கு எழுதினது என் நினைவுக்கு வந்தது. விளையாட்டைச் செய்தவர் அதை நினைத்துச் செய்திருக்கமாட்டார். ஆனாலும் கேட்கிற செவி எங்கும் கேட்கும்.

வேதத்தில் பாதி வழியில் தொழில் மாறினவர்கள் எத்தனை பேர்! மோசே நாற்பது வயதுவரை அரண்மனைப் பிள்ளை. அடுத்த நாற்பது ஆண்டுகள் மீதியானில் மாமனாரின் ஆடுகளை மேய்த்தான். எண்பதாம் வயதில் பார்வோனுக்கு முன்பாக நின்றான். அப்போது அவன் கையில் இருந்தது மேய்ப்பனின் கோல்தான். ஆடுகளோடு நடந்த வனாந்தரத்திலேதான் பிற்பாடு ஒரு ஜனத்தையே நடத்தினான். தாவீது சவுலின் போர் ஆயுதங்களைக் களைந்துபோட்டு, ஆடு மேய்த்த நாளில் பழகிய கவணை எடுத்துக்கொண்டான். பவுலும் அப்போஸ்தலனான பின்பு கூடாரத் தொழிலை மறந்துவிடவில்லை. கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கி அதே வேலையைச் செய்தான். இரட்சிப்பில் பழைய மனுஷன் சிலுவையில் அறையப்படுகிறான். ஆனால் கை கற்ற நல்ல வேலையைத் தேவன் வீணாக்குவதில்லை.

நமக்கு அருகிலேயே ஒரு சாட்சி உண்டு. சித்தூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டரில் வேலூர். அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணிசெய்த டாக்டர் பால் பிராண்டு 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை முடித்தபின் அவர் மருத்துவம் படிக்கப் போகவில்லை. மிஷனெரியாகி வீடுகள் கட்ட வேண்டும் என்று தச்சுவேலையும் கொத்துவேலையும் பல ஆண்டுகள் கற்றார். அதன் பின்னரே மனம் திரும்பி மருத்துவத்தில் முதல் வகுப்பிலிருந்து தொடங்கினார். 1946-ல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தும் பணியில் முன்னோடியானார். மரத்தையும் உளியையும் அறிந்த அந்தக் கைகள் வீணாகவில்லை. குணமான நோயாளிகள் பிழைத்துக்கொள்ளத் தச்சுத் தொழிலைக் கற்றுக்கொடுக்கவும் அந்தப் பழைய அனுபவம் உதவியது.

அவர் செய்த சிகிச்சையும் ஒரு தொழில் மாற்றமே. செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி, நலமாயிருக்கும் வேறொரு தசையின் தசைநாரை எடுத்துப் புதிய இடத்தில் இணைப்பார்கள். இடம் மாறிய தசையின் பலம் சற்றே குறையும். புதிய வேலைக்கு அதைப் பழக்க வாரக்கணக்கில் பயிற்சி தேவை. ஆனால் மடங்கிய விரல் நிமிர்ந்து, ஒரு மனிதன் தன் கையாலே சோறு எடுத்து உண்பான்.

நம்முடைய மண்ணும் இப்படி மாறினதுதான். சென்னை மாநிலத்தில் இருந்த சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-ல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. 2022 ஏப்ரல் 4-ல் திருப்பதி தனி மாவட்டமானது. எங்கள் முன்னோர் தெலுங்கை முதல் எழுத்திலிருந்து கற்றார்கள்; தமிழை இழந்துவிடவில்லை. இன்றைக்கும் எங்கள் சபையில் தமிழ் வேதம் திறந்திருக்கும்போதே தெலுங்குப் பாட்டு எழும்புகிறது.

இவற்றை எல்லாம் சொன்னபின் மருமகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "தம்பி, யோனாவும் பாதை மாறினான், மோசேயும் பாதை மாறினான். ஒருவன் தப்பி ஓடினான், மற்றவன் அழைக்கப்பட்டுப் போனான். நீ எப்படிப் போகிறாய்?"

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, எனக்கு இரண்டு பாடங்கள் நிலுவையில் இருக்கின்றன. அவற்றில் தேறாமல் விட்டுப்போனால், ஓடிவிட்டேன் என்று எனக்கே தோன்றும். ஆனால் சனிக்கிழமைகளில் சபைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது வரும் சந்தோஷம் பொய்யல்ல" என்றான்.

"அப்படியானால் நீ இன்னும் எந்த நிலையில் இருக்கிறாய்?" என்றேன்.

"இருபதை எட்டவில்லை, மாமா" என்று சிரித்தான்.

பொறியியல் பட்டம் பெற்றவர்களும் பி.எட். நுழைவுத் தேர்வு எழுதலாம் என்பதை இருவரும் விசாரித்து அறிந்துகொண்டோம். மறு ஞாயிறு அவனே சித்தூருக்குப் போய்த் தகப்பனிடம் பேசினான். மீதமுள்ள இரண்டு ஆண்டுகளை முடிப்பேன், நிலுவைப் பாடங்களை எழுதுவேன், அதன்பின் ஆசிரியர் பயிற்சிக்குப் போவேன், அதுவரை டியூஷன் எடுத்து என் செலவைப் பார்த்துக்கொள்வேன் என்றான். பொறியாளரின் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கிய தகப்பனுக்கு அது எளிதான செய்தியல்ல. மச்சான் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனாராம். மாலையில் திரும்பி வந்து, "வாத்தியார் ஆனாலும் கடனை நீதான் அடைக்க வேண்டும்" என்றாராம். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய சம்மதத்தை எதிர்பார்க்க முடியாது.

பெற்றோரே, பிள்ளை பாதை மாற விரும்பினால் உடனே கோபப்படாதேயுங்கள்; உடனே இணங்கவும் வேண்டாம். தப்பி ஓடுகிறானா, அழைப்பைக் கேட்கிறானா என்று அவனோடு சேர்ந்து ஜெபியுங்கள். தொடங்கினதில் முதிர்ந்திருக்கிறானா என்று பாருங்கள். முதலாம் நிலையிலிருந்து மறுபடி தொடங்கும் தாழ்மை அவனுக்கு உண்டா என்று கேளுங்கள்.

அந்த விளையாட்டில் இன்னொரு விதியும் உண்டு. தோழர்கள் எல்லாரும் தொழில் மாறலாம். அழைப்போடு பிறந்த அந்த வீரன் மட்டும் மாறவே முடியாது. நமக்கும் தொழில்கள் மாறலாம், ஊர்கள் மாறலாம். தேவனுடைய பிள்ளைகள் என்னும் அழைப்பு மாத்திரம் மாறுவதில்லை. அதில் நம் பிள்ளைகள் நிலைத்திருக்கும்படி கர்த்தர்தாமே கிருபை செய்வாராக. ஆமென்.