தோட்ட வாரியம்

புரட்டாசி மழை ஒன்று பெய்து ஓய்ந்தவுடன், நல்லூரில் என் வீட்டுக் கொல்லையில் கத்தரி நாற்று நட்டேன். மண்ணைக் கிளறுங்கால் பழைய விடுதித் தோட்டத்தின் ஞாபகம் வந்தது. அதற்குக் காரியதரிசியைத் தெரிந்தெடுத்தபோது, நாள்தோறும் நீர் இறைத்த நண்பனை விடுத்து, எங்கள் சடுகுடு கோஷ்டித் தலைவனுக்கே யான் சீட்டுப் போட்டேன். பந்தயத்தில் வெற்றி தேடித் தந்தவனன்றோ! தோற்றவன் அப்புறம் வாளியைத் தொடவில்லை; மாசிக்குள் பாத்திகள் காய்ந்தன.

கி.பி. 921-இல் பொறித்த உத்திரமேரூர்ச் சாசனம் தோட்ட வாரியத்துக்கு 12 பேரை விதிக்கின்றது. 35 வயது நிரம்பாதவரையும் கணக்குக் காட்டாதவரையும் விலக்குகின்றது. குடத்தினின்று ஓலை எடுப்பவனோ ஒன்றுமறியாச் சிறுவன். அவனுக்குக் கோஷ்டி ஏது?

சீட்டு இரகசியமாதலின், யான் எவன் பக்கம் நின்றேன் என்பதை அந்நண்பன் இன்றளவும் அறியான்.