எந்தக் கட்டத்தில் புள்ளடி?

தெல்தோட்டைக்கு மேலே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். அடுத்த வருஷம் அமெரிக்கா தன் அரசியலமைப்பில் 14ஆவது திருத்தத்தைச் சேர்த்தது. அந்த மண்ணில் பிறந்தவர் அந்த நாட்டுப் பிரஜை. நேற்றுவரை அடிமையாய் இருந்தவரின் பிள்ளையும்தான். இங்கே, இலங்கையில், அப்போது துரையும் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த கூலியும் ஒரே விக்டோரியா ராணியின் குடிகள். வில்லங்கம் வந்தது சுதந்திரத்தோடு.

*

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நீ எங்கே பிறந்தாய் என்று கேட்டதோடு நிற்கவில்லை. உன் தகப்பன் இலங்கையில் பிறந்தவனா? இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? தோட்டத்து லயக் குடியிருப்பில் மருத்துவச்சி கையில் விழுந்த பிள்ளையின் பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே தேடுவது? மறு வருஷமே வாக்குரிமையும் போயிற்று. 1949இன் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு லட்சம் பேருக்கு மேல் மனுப் போட்டார்கள். 1964 வரை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு.

இதில் நம்மவர் பங்கையும் எழுதி வைக்க வேண்டும். அந்த வதிவாளர் சட்டம் நிறைவேறியபோது தமிழ்த் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரவையில் இருந்தார். செல்வநாயகம் அவரிடமிருந்து பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

*

1964. ஜூலை 2 அன்று அமெரிக்காவில் சிவில் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. கறுப்பர் எந்த ஓட்டலிலும் உட்கார்ந்து சாப்பிடலாம். அக்டோபர் 30 அன்று இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். பிரஜாவுரிமை இல்லாத 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பேசி முடித்தவர்கள் எந்த லயத்துக்கும் போய், உனக்கு எங்கே இருக்க விருப்பம் என்று கேட்கவில்லை. மிச்சத்தை 1974இல் இரண்டு அரசுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன.

*

தெல்தோட்டை பசாரில் ஒரு தேத்தண்ணிக் கடையில் மூன்று பேர் தமிழில் பேசிக்கொண்டிருந்தால், 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஒருவர் இலங்கைச் சோனகர், ஒருவர் இலங்கைத் தமிழர், கொழுந்து லொறியில் வந்தவர் இந்தியத் தமிழர். (அருள்வாக்கி அப்துல் காதிர் புலவரும் இந்த ஊர்ப்பக்கத்தவர்தான். தமிழ் அவரை எந்தக் கட்டத்திலும் அடைக்கவில்லை.)

அமெரிக்கா இதில் சளைத்ததல்ல. 1920 முதல் 1940 வரை அங்கே மதிப்பீட்டுப் படிவத்தில் ‘இந்து’ என்பது ஓர் இனம்; பஞ்சாபிலிருந்து போன சீக்கியரும் முஸ்லிமும் அதற்குள்தான். பகத் சிங் திண்ட் என்ற சீக்கியர் முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர். அவர் வெள்ளையர் அல்ல, ஆகவே பிரஜையாக முடியாது என்று 1923இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது.

இங்கே இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டவர் தமிழ்நாட்டில் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனால் சிலோன்காரர். அவர் பிள்ளை அமெரிக்காவுக்குப் போனால் படிவத்தில் ‘ஆசிய இந்தியர்’ கட்டம் காத்திருக்கும். லூல்கந்துரைக்கு எங்கும் கட்டம் கிடையாது.

*

2025 ஜனவரி 20. டிரம்ப் ஓர் ஆணை போட்டார்: தாய் அமெரிக்காவில் சட்டப்படி இல்லாமலோ தற்காலிகமாகவோ இருந்து, தகப்பனும் பிரஜையோ நிரந்தர வதிவாளரோ அல்ல என்றால், அங்கே பிறந்த பிள்ளைக்கும் பிரஜாவுரிமை இல்லை. படித்ததும் 1948தான் நினைவுக்கு வந்தது. ஒரு வித்தியாசம்: அங்கே அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்கள் கையில் 1868இன் வாசகம் இருந்தது. வெள்ளையர் அதை நூறு வருஷம் ஏமாற்றியது உண்மை. ஆனாலும் கறுப்பருக்குக் கேட்க ஒரு வாக்குறுதி இருந்தது. நமக்கு வாக்குறுதியும் தரப்படவில்லை. சட்டமே அநியாயமாக இருந்தது.

*

லூல்கந்துரையில் தேயிலை போட்ட டெய்லர் 1892இல் இறந்தார். கண்டி மஹியாவை மயானத்தில் கல்லறை. தோட்டத்து ஆட்கள் முறைபோட்டு மலையிலிருந்து சுமந்துபோனார்களாம். சுமந்தவர் ஒருவர் பெயரையும் நான் எங்கும் படித்ததில்லை.

*

நாடற்றவர் என்று எஞ்சியிருந்தவர்களுக்கு 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தில் பிரஜாவுரிமை வந்துவிட்டது. லயத்தில் இருப்பவருக்கு வீடும் நிலமும் இன்னும் அரைகுறைதான்.

தோட்டத்து வீடுகளில் தகரப் பெட்டிக்குள் பழைய பிரஜாவுரிமை மனு, பதிவுப் பத்திரம், இந்தியக் கடவுச்சீட்டு ஏதாவது கிடந்தால் எரித்துவிடாதீர்கள். ஒரு பிரதி எடுத்துப் பெயர், தோட்டம், டிவிஷன் மூன்றையும் பின்னால் எழுதி வையுங்கள்.