எலிகள் சொன்ன விடை

நாவிதர் கடையில் பெருக்கித் தள்ளப்படும் முடியை ஆய்வுப் பொருளாகக் கருதுவோர் நம்மில் எத்தனை பேர்? முடி, நகம், தோல் ஆகியவற்றுக்கு வலுவூட்டும் கெரட்டின் என்னும் புரதத்தை ஆராய்ந்தவர் எலைன் ஃபக்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1977-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றபின், ஹோவர்ட் கிரீன் என்பாரிடம் தோலின் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப் பயின்றார்.

நோயைக் கண்டு காரணத்தைத் தேடுவதே வழக்கம். அவரோ தலைகீழாகச் சென்றார். சிகாகோவில் பணியாற்றியபோது, குறைபட்ட கெரட்டின் மரபணுவை எலிகளில் புகுத்தினார். அவற்றின் தோல் கொப்பளித்தது. இதையொத்த மனித நோய் எதுவென்று மருத்துவ நூல்களைப் புரட்டியபோதுதான் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா சிம்ப்ளெக்ஸ் அகப்பட்டது. 1991-இல் நோயாளிகளின் மரபணுவிலும் அவ்வகைப் பழுது உறுதியாயிற்று. உயிரணுவைத் தாங்கும் கெரட்டின் இழைகள் பழுதுற்றால், சிறு உராய்விலும் அது உடைந்துவிடுகிறது. கிருமி இதற்குக் காரணமே அன்று.

பின்னர் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில், மயிர்க்கால்களில் உறங்கிக் கிடந்து, வேண்டும்போது விழித்துப் புதுமுடியை உருவாக்கும் மூல உயிரணுக்களை ஆராய்ந்தார். அதுவும் வியப்பூட்டுவதே. ஆயினும் கலைப் பட்டதாரியான என்னைப் பிடித்து நிறுத்தியவை அந்த எலிகள்தாம்.

எங்கள் மத்ரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனுக்கு இந்நோய் உண்டு. சற்று நடந்தாலே பாதம் கொப்பளித்துவிடும். ஒட்டிக்கொள்ளுமென அஞ்சிப் பிள்ளைகள் விலகியே அமர்ந்தனர். எலிகளின் கதையை வகுப்பில் விரித்துரைத்தேன். பிள்ளைகள் விளங்கிக்கொண்டனர். பெற்றோர் சிலர்தாம், "உஸ்தாத், எங்கள் மகனை வேறிடத்தில் அமர்த்துங்கள்" என்று இன்றும் வருகின்றனர்.