வாசிகசாலையும் வளவும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிற் பெரும்பாலானவற்றில் ஒரு வாசிகசாலையேனும் உண்டு. ஆயின் அது நிற்கும் நிலம் யாருடையது என வினவினால் விடை எளிதிற் கிடைப்பதில்லை. கோயில் வீதியில் நிற்பன சில. உறுதி முடித்துக் கொடுத்த காணியில் நிற்பன சில. மற்றும் பல, "பிள்ளைகள் படிக்கட்டும்" என்று ஒரு பெரியவர் திண்ணையிலிருந்து கூறிய வாய்ச்சொல்லின்மீது நிற்பன. எம்மூர் வாசிகசாலை இம்மூன்றாம் வகையினது.

தெருவோரமாய் இரண்டு பரப்பு, அஃதாவது இருபது பேர்ச். கிடுகுக் கொட்டிலாய்த் தொடங்கிப் பின்னர் கற்கட்டடம் ஆயிற்று. காலையிற் பத்திரிகை, மாலையிற் சிறுவர்க்கு வகுப்பு, முன்றிலிற் கரப்பந்தாட்டம். அயலவர் தண்ணீர் அள்ள ஒரு கிணறு. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது காணிக்காரர் குடும்பமும் புறப்பட்டது, அவர்கள் மீளவில்லை. மறு ஆண்டு திரும்பிய நாம் வீடுவீடாய்ப் பணம் சேர்த்துக் கூரையை வேய்ந்தோம். காணி எவருடையது என்ற பேச்சே அந்நாளில் எழவில்லை.

போர் 2009இல் முடிந்தது. காணி விலை ஏறிற்று. பெரியவரின் பேரர் ஒருநாள் நிலஅளவையாளரோடு வந்தார். மறுவாரம் கரப்பந்தாட்டத் திடலுக்குக் குறுக்கே கதியால் நடப்பட்டது. அன்றிரவே அது பிடுங்கப்பட்டது. பிடுங்கியோர் வாசிகசாலைக்கு நன்மை செய்தாரல்லர் என்பது எமது துணிபு. அதுவரை தேநீரருந்திப் பேசிய இருதிறத்தாரும் அதன்பின் பொலிஸ் நிலையத்திலேதான் சந்தித்தனர்.

"இத்தனை ஆண்டு ஆண்டோமே, காணி எமதன்றோ?" என்று இளைஞர் கேட்டனர். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு ஆட்சிக்கு உரித்து அளிப்பது உண்மையே. ஆனால் அவ்வாட்சி உடையவனது உரித்தை மறுத்து நிகழ்ந்ததாதல் வேண்டும். அனுமதி பெற்று இருப்பவன் ஐம்பது ஆண்டு இருந்தாலும் அனுமதியில் இருப்பவனே. கேளாமற் புகுந்தவனுக்கு வழியுண்டு. கேட்டுப் புகுந்தவனுக்கு இல்லை! வாய்ச்சொல்லாற் காணி கைமாறுவதுமில்லை. 1840ஆம் ஆண்டிலிருந்தே அதற்கு நொத்தாரிசு முடித்த உறுதி வேண்டும். இவையன்றி, போர்ச் சூழலால் தம் உரிமையை நாடமுடியாதிருந்தோர்க்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலம் கணக்கிடப்படலாகாதென 2016இல் ஒரு சிறப்புச் சட்டமும் வந்தது. இடம்பெயர்ந்து அலைந்த எம்மவர்க்கு அது நியாயமான காவலே. எம் வாசிகசாலைக்கோ அது பாதகமாயிற்று.

காணிக்காரரைப் பேராசைக்காரர் என ஊரார் தூற்றினர். நாம் அங்ஙனம் கூறோம். அவருக்குப் பெண்மக்கள் மூவர்; மூத்தவர் இருவருக்கும் கொடுத்தபின் எஞ்சியது இவ்வளவு ஒன்றே. சீதனத்தை எவ்வளவு இகழ்ந்து மேடையிற் பேசினும், காணி எழுதாமற் பெண் கொடுக்கும் தந்தையரை நாம் அதிகம் கண்டிலோம். அவரும் எமது வாசிகசாலைத் தலைவரும் இக்கல்லூரியில் ஒரே வாங்கிலிருந்து படித்தோர் என்பதையும் ஈண்டுச் சொல்லவேண்டும். இம்மலரைக் கையிலேந்தும் அன்பர்களுள் கடல்கடந்து வாழும் காணிக்காரரும் உளர். ஊரில் நிலையம் நடத்துவோரும் உளர்.

வழக்கு மத்தியஸ்த சபைக்குச் சென்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இச்சபைகள் தீர்ப்பளிப்பதில்லை. இணக்கம் காணவே முயல்வன. முதலிரு அமர்வுகளிலும் இரைச்சலே மிஞ்சிற்று. மூன்றாம் அமர்வில், மத்தியஸ்தர்களுள் ஒருவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பெரியவரின் உறுதியை உரக்க வாசித்தார். வாசிகசாலை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இருதிறத்தாரும் முதன்முறையாக மௌனமாயினர். "பாட்டனார் சொன்னதை நானும் கேட்டிருக்கிறேன், ஆனால் முழு வளவையும் அவர் சொல்லவில்லை" என்றார் பேரர்.

கட்டடம் நிற்கும் அரைப்பரப்பைத் தருமசாதனமாக எழுதித்தர அவர் இசைந்தார். கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் உறுதியிற் சேர்க்கப்படவேண்டுமென நாம் வற்புறுத்தினோம். அயற்பெண்கள் எம்மை அதற்காகவே அனுப்பியிருந்தனர். அதற்கும் இசைந்தார். திடல் மட்டும் போயிற்று. இப்பொழுது இளைஞர் வயல் அறுத்தபின் தரிசில் வலை கட்டுகின்றனர். மாரி தொடங்கினால் ஆட்டமில்லை. அவ்வயலின் காணிக்காரரிடம் எழுத்தில் அனுமதி கேட்குமாறு கூறினோம். "வாயாற் சொன்னாற் போதாதா, மாஸ்ரர்?" என்கிறார் அவர்.