அளத்துக்கு ஒருவர், பஸ்ஸுக்கு ஒருவர்: மரக்காணம் வாழும் விதம்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களில் பலர் மரக்காணத்தில் ஒருமுறையாவது வண்டியை ஓரம் கட்டியிருப்பார்கள். கண்ணாடி பதித்ததுபோல் பளபளக்கும் பாத்திகள், வரப்போரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். நாலு போட்டோ, ஒரு செல்ஃபி, பிறகு மறுபடியும் பயணம். முக்கால் மணி நேரம் போனால் புதுச்சேரி எட்டிப் பார்க்கும்.

அந்த முக்கால் மணி நேரத்தை நம்பித்தான் இந்தக் கடலோர ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் இன்னும் சொந்த வீட்டில் இருக்கின்றன.

விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது மரக்காணம். தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் புதுச்சேரி. மேற்கே ஏறக்குறைய அதே தூரத்தில் திண்டிவனம். வடக்கே சுமார் 120 கிலோமீட்டரில் சென்னை. முதல் இரண்டு ஊர்களுக்கும் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். சென்னைக்குத் தினமும் போய் வருவது நடக்கிற காரியமில்லை. அங்கே வேலை கிடைத்தால் ரூம் எடுத்துத் தங்க வேண்டியதுதான். அதனால் இங்கே வேலை தேடும் பிள்ளைகளுக்குச் சம்பளம் எவ்வளவு என்பதோடு, தினமும் வீடு திரும்ப முடியுமா என்பதும் பெரிய கேள்வி.

உப்புதான் முதல் பயணி

மரக்காணத்திலிருந்து நகரத்துக்குப் போவது இன்று நேற்று தொடங்கிய பழக்கமில்லை. ஆந்திரத்தில் தொடங்கி கடலை ஒட்டியே சுமார் 420 கிலோமீட்டர் ஓடிவரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிகிற இடம் இந்த ஊர்தான். 1806-ல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாய், அந்த நூற்றாண்டிலேயே படிப்படியாக நீண்டு தெற்கே மரக்காணத்தைத் தொட்டது. சாலையும் லாரியும் வருவதற்கு முன்னால், உப்பு படகேறிச் சென்னைக்குப் போன பாதை அது.

1960-களின் புயல்களில் சேதமடைந்து, தூர்ந்து, கால்வாய்ப் போக்குவரத்து நின்றுபோனது. சாலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இப்போது உப்பு லாரியில் போகிறது, பிள்ளைகள் பஸ்ஸில் போகிறார்கள்.

ஒரே வீட்டில் இரண்டு கடிகாரங்கள்

மரக்காணம் பகுதியில் 3,000 ஏக்கருக்கும் அதிகமாக உப்பளங்கள் பரந்திருக்கின்றன. உப்பு விளைவது பார்க்க எளிது, செய்வது கடினம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்ற விடுவார்கள். அடர்த்தி ஏறி, போமே அளவுமானியில் 25 டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்கும். அதிகமாக வற்றவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும் என்பதால், மிஞ்சிய நீரை வெளியேற்றிவிட்டு, படிந்ததை வாரி வரப்பில் குவிப்பார்கள்.

வெயில்தான் உப்பு தருகிறது. ஆனால், அதே வெயிலில் நின்று உப்பு வார முடியாது. வெள்ளைப் பரப்பிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், உப்புநீர் காலில் வெடிப்பு உண்டாக்கும். அதனால் விடிவதற்கு முன்பே அளத்துக்குக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் முக்கால்வாசி வேலையை முடித்துவிடப் பார்ப்பார்கள்.

பஸ்ஸில் போகிறவர்களின் நேரம் வேறு. அவர்கள் கிளம்பும்போது மணி ஏழோ எட்டோ ஆகியிருக்கும். அளத்துக்குப் போகிற அம்மா இருட்டில் சோறு வடித்து வைத்துவிட்டுப் போக வேண்டும். மகள் அதை டிபன் பாக்ஸில் கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். அம்மா திரும்பும்போது மகள் இருக்க மாட்டாள். இருவரும் முகம் பார்த்துப் பேசுவது ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான். மகள் நகரத்தில் தங்கிவிட்டால் அதுவும் இல்லை.

மழை வந்தால் அளம் மூடும்

உப்பு வேலை வருஷம் முழுக்கக் கிடையாது. ஜனவரி, பிப்ரவரியில் பாத்தி கட்டத் தொடங்கினால், வடகிழக்குப் பருவமழை வரும்வரைதான். பூத்த உப்பைக் கரைக்க ஒரு நல்ல மழை போதும். வேலையில்லாத மழைக்காலத்துக்காக உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. ஒரு குடும்பம் மூன்று மாதத்தை ஓட்ட அது எவ்வளவு தூரம் வரும் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மழையோடு புயலும் வரும். 2020 நவம்பரில் 'நிவர்' புயல் இந்தக் கடற்கரையை ஒட்டித்தான் கரை கடந்தது. 2024 நவம்பர் 30-ம் தேதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்த 'ஃபெஞ்சல்' விழுப்புரம் மாவட்டத்தையே வெள்ளக்காடாக்கியது. புயலுக்குப் பிறகு வரப்பைத் திரும்பக் கட்ட வேண்டும், பாத்தியைத் திரும்ப மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். அந்த நாட்களில் வீட்டுக்குச் சோறு போடுவது புதுச்சேரியில் ஒரு கடையிலோ, திண்டிவனத்தில் ஒரு கம்பெனியிலோ வேலை பார்க்கும் பிள்ளையின் சம்பளம்தான்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

பெரிய வியாதி என்றால் புதுச்சேரியில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. மேல்படிப்புக்குக் காலாப்பட்டில், இதே சாலையை ஒட்டி, 1985-ல் தொடங்கப்பட்ட புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஆனால், புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம். அதன் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் சேர அங்கே குடியிருப்பதற்கான சான்றிதழ் வேண்டும். மரக்காணத்துப் பிள்ளைக்கு நகரம் பக்கத்தில் இருந்தாலும் அந்த இடங்கள் கிடைக்காது. அதனால் கல்லூரி என்றதும் பலர் மேற்கே திரும்பி, திண்டிவனம் திரு ஆ.கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியைப் பார்க்கிறார்கள்.

நிற்கிற பஸ் வேண்டும்

மரக்காணத்துக்கு ரயில் கிடையாது. ரயில் பிடிக்க வேண்டுமென்றால் திண்டிவனம் போக வேண்டும். ஆக, எல்லாமே பஸ்ஸை நம்பித்தான். 2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான இலவசப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும்தான். வெளியூர் போகும் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். தினமும் போய் வரும் பெண்ணுக்கு அது மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு.

அதைவிட முக்கியமானது மாலைப் பயணம். கடை மூடி, கணக்கு முடித்து, ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டாப்பில் நிற்கும் பெண்ணுக்கு வேண்டியது தன் ஊரில் நிற்கிற ஒரு பஸ். அது நிச்சயமில்லாமல் போனால், "எதுக்கும்மா தினம் அலையுற? அங்கேயே ஹாஸ்டல் பார்த்துக்கோ" என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். அப்படித்தான் ஊரில் ஒவ்வொரு தலையாகக் குறைகிறது.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கிலோமீட்டருக்கு நான்குவழிச் சாலை அமைக்க, 2,157 கோடி ரூபாய் திட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 8-ம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நெரிசல் குறையும், பயண நேரமும் குறையும். நல்ல விஷயம்தான். ஆனால், சாலை அகலமாகும்போது ஊர்க்காரர்கள் கவனிக்கப்போவது மூன்றே விஷயங்களை: பஸ் எங்கே நிற்கும், எதிர்ப்பக்கம் எப்படிக் கடப்பது, ராத்திரியில் ஸ்டாப்பில் விளக்கு எரியுமா?

போகிறவர்கள் கவனத்துக்கு

உப்பு விளைவதைப் பார்க்க ஏற்ற காலம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. அதிகாலையில் போனால் வேலை நடப்பதைப் பார்க்கலாம். பாத்திக்குள் செருப்புக் காலோடு இறங்காதீர்கள், கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்காதீர்கள். குளிர்காலத்தில் போனால் பக்கத்தில் கழுவெளி ஏரி இருக்கிறது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்த இடம். ஊருக்குள் சோழர் காலக் கல்வெட்டுகளோடு பூமீஸ்வரர் கோயிலும் உண்டு.

முடிந்தால் ஒருமுறை காரை விட்டுவிட்டு, சாயங்காலம் புதுச்சேரியிலிருந்து மரக்காணத்துக்குப் பஸ்ஸில் வந்து பாருங்கள். கையில் காய்கறிப் பையும் மருந்துச் சீட்டும் கல்லூரி நோட்டுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வருவார்கள்.